வெள்ளையர் தொடக்கப்பள்ளி

உக்காருங்க தம்பி, உக்காருங்க. பையை நான் மடியில வச்சுக்கறேன். மதுரை வரைக்கும் நின்னுக்கிட்டா வருவீங்க? இந்தாங்க, கடலை மிட்டாய். மானாமதுரை பஸ் ஸ்டாண்டுல இப்பத்தான் வாங்குனேன். கூச்சப்படாம எடுங்க. எனக்கு வயசு அறுபத்தாறு. சுகரும் கிடையாது, பிரஷரும் கிடையாது. விட்டா ஒரு பாக்கெட்டை ஒத்தை ஆளாத் தின்னுருவேன்.

என்ன பாக்குறீங்க, இந்தத் தாளையா? பரீட்சைப் பேப்பர் இல்ல. சிவப்பு மையைப் பாத்ததும் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. இது புத்தகம் தம்பி. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி பிழை திருத்துவாங்கல்ல, அந்த மெய்ப்பு. நான் மொழிபெயர்த்தது. என் பேரு மங்களநாதன். முப்பத்திநாலு வருஷம் காலேஜ்ல வரலாறு எடுத்தவன். அடுத்தவன் தாள்ல சிவப்பு மை போட்டே பழகுன கை இது. என் தாள்ல ஒருத்தி போட்டிருக்கா, பாருங்க.

ஆமா, போன் என்னுதுதான். என் தம்பி உடையப்பன். மூணு மணியிலருந்து அடிச்சுக்கிட்டே இருக்கான். அடிக்கட்டும். நான் யாருக்கும் பயந்து பஸ் ஏறல. எனக்கு மதுரையில வேலை இருக்கு, ஏறிட்டேன், அவ்வளவுதான்.

என்ன புத்தகம்னா கேக்குறீங்க? எலினார் பிராக்டன்னு ஒரு அம்மா. அமெரிக்காவுல வரலாற்றுப் பேராசிரியர். பெரிய படிப்பாளி. அங்க கறுப்பர்களுக்கு ஓட்டு எப்படிக் கிடைச்சுச்சு, அதை எப்படிப் பறிச்சாங்க, அதுல அந்த ஊரு கட்சிங்க ரெண்டும் என்ன ஆட்டம் ஆடுச்சு, அதுதான் விஷயம். நம்ம ஊர்ல ஆளுதான் கட்சி தாவுவான். அங்க கட்சியே தாவிருச்சு தம்பி! அடிமைகளை விடுதலை பண்ணுன கட்சி ஒண்ணு. விடக்கூடாதுன்னு நின்ன தெற்கத்தி வெள்ளைக்காரங்களோட கட்சி இன்னொண்ணு. நூறு வருஷம் கழிச்சுப் பாத்தா, கறுப்பர்கள் ஓட்டெல்லாம் ரெண்டாவது கட்சிக்குப் போகுது. தெற்கத்தி வெள்ளைக்காரன் மெள்ள மெள்ள முதல் கட்சிக்கு வந்து உக்காந்துக்கிட்டான். பேரு மாறல. உள்ள இருக்குற ஆளு இடம் மாறிட்டான். இது எப்படி நடந்துச்சுன்னு அந்தம்மா வருஷம் தேதியோட எழுதியிருக்காங்க. அதைப் பூரா தமிழ்ல கொண்டுவந்திருக்கேன்.

அழுதிருக்கேன் தம்பி, வேலை செய்யும்போது. ஒரு கறுப்பு வாத்தியார் ஓட்டுப் பதிவு பண்ணப் போறாரு. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கவன் சட்டப் புத்தகத்தை எடுத்து, இதுக்கு அர்த்தம் சொல்லுன்னு கேக்குறான். கேக்குறவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. பதில் சொன்ன மனுஷனைத் தப்புன்னு சொல்லித் திருப்பி அனுப்புறான். அதை எழுதுன அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல. என் வீட்டுக்காரி காந்திமதி வந்து என்னன்னு கேட்டா. மனுஷனை மனுஷன் இப்படியும் நடத்துவானாடின்னு கேட்டேன். அவ என்னை ஒரு பார்வை பாத்தா. ரசத்தை மூடி வச்சுட்டுப் போயிட்டா. அவளுக்கு இதெல்லாம் விளங்காது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இந்தச் சிவப்பு மை.

புத்தகம் போடுறது மதுரையில ஒரு பதிப்பகம். சின்ன இடந்தான். அங்க பிழை திருத்துறவ பேரு ஞானசுந்தரி. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். எம்.ஏ. படிச்சிருக்கா. போன ஆடியில ஒரு நாள் போன் பண்ணி, சார் ஒரு சந்தேகம், வர முடியுமான்னா. போனேன். நூத்திப் பன்னெண்டாம் பக்கத்தை விரிச்சு வச்சா. நான் என்ன எழுதியிருக்கேன்னா, "கறுப்பர்கள் வெள்ளையர் தொடக்கப்பள்ளியில் அனுமதிக்கப்படவில்லை." இதுல என்ன தப்பு? நீங்களே சொல்லுங்க.

அவ அடுத்த வரியைக் காட்டுனா. "வெள்ளையர் தொடக்கப்பள்ளியில் வென்றவர் நவம்பரில் தோற்றதே இல்லை."

"தொடக்கப்பள்ளியில என்ன சார் ஜெயிச்சாங்க?"

"விளையாட்டுப் போட்டியா இருக்கும்மா."

"எல்லாம் அறுபது வயசு ஆளுங்க சார். கவர்னர் தேர்தல்ல நின்னவங்க."

சிரிக்காதீங்க தம்பி. உங்களுக்கு ஒண்ணு தெரியணும். எங்க பாடத்திட்டத்துல அமெரிக்கா அடிமை ஒழிப்போட முடிஞ்சிரும். ஆயிரத்தி எண்ணூத்தி அறுபத்தஞ்சு. அதோட கேள்வித்தாளும் முடிஞ்சிரும். விடுதலை ஆயிட்டாங்க, நல்லா இருந்தாங்கன்னு நோட்ஸை மூடிருவோம். அதுக்கப்புறம் என்னன்னு முப்பத்திநாலு வருஷத்துல ஒரு பய கேட்டதில்ல. மூலத்துல பிரைமரின்னு இருந்துச்சு. பிரைமரின்னா நமக்கு என்ன? பிரைமரி ஸ்கூல்தான? வேற என்ன நினைக்கும் மனசு?

அவ எனக்குப் பாடம் எடுக்குறா. "பள்ளிக்கூடம் இல்ல சார். அது தேர்தலுக்கு முந்தின தேர்தல். யாரை நிறுத்துறதுன்னு கட்சிக்குள்ளயே ஓட்டுப் போட்டு முடிவு பண்றது. தெற்குல எப்பவும் ஒரே கட்சிதான் ஜெயிக்கும். அப்ப உள்ள ஜெயிச்சவர்தான் வெளியிலயும் ஜெயிப்பாரு. அந்த உள்ள நடக்குறதுல கறுப்பர்களைச் சேக்க மாட்டாங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் நவம்பர்ல பொதுத் தேர்தல்ல போய் ஓட்டுப் போட்டா என்ன சார், போடாட்டி என்ன?"

சரி, தெரிஞ்சுக்கிட்டேன். எனக்கு அதுல வெக்கம் இல்ல. அப்ப முதனிலைத் தேர்தல்னு போட்டுரலாம்னேன். அங்கயே முடிஞ்சிருக்கணும் தம்பி. முடியல.

"அப்படிப் போட்டா படிக்கிறவங்களுக்கு ஒண்ணும் விளங்காது சார். ஊர்க்கூட்டம்னு போட்டுரலாமா?"

"எந்த ஊர்க்கூட்டம்?"

"மந்தைத் திடல்ல கூடுறது சார். தேர்தலுக்கு முன்னாடி கூடி, இந்தத் தடவை பஞ்சாயத்துப் பிரசிடெண்ட் இன்னாருன்னு பேசி முடிச்சுருவாங்கல்ல. எங்களுக்கும் ஓட்டு உண்டு. கூட்டத்துக்குத்தான் கூப்பிட மாட்டாங்க. கூட்டம்னு தப்படிச்சுச் சொல்லிட்டு வர்றது எங்கப்பா. தெருத்தெருவாச் சொல்லிட்டு அவரு வீட்டுக்கு வந்துருவாரு."

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. எந்த ஊரும்மா நீன்னேன்.

"செம்பியேந்தல் சார். நம்ம ஊரு."

நம்ம ஊரு! நான் பிறந்த ஊரு, எங்க பாட்டன் பூட்டன் ஊரு. நம்ம ஊருங்கறா. யாரு மகளுன்னு கேட்டா சாத்தையா மகளாம். சாத்தையாவை எனக்குத் தெரியாதா? எங்க வீட்டு நல்லது கெட்டது எல்லாத்துக்கும் அவன்தான் தப்படிப்பான். அவனுக்கு எம்.ஏ. படிச்ச ஒரு மக இருக்கான்னு யாருக்குத் தெரியும்? மந்தைக்கு அந்தப் பக்கம் யாரு பிறந்தா, யாரு படிச்சான்னு நாங்க என்ன கணக்கெடுத்துக்கிட்டா இருக்கோம்?

எனக்கு வந்துச்சே கோவம். பாரும்மா, அமெரிக்காவுல நடந்தது அநியாயம். மனுஷத்தன்மை இல்லாதது. அதையும் எங்க மந்தையையும் ஒண்ணாச் சேக்காத. எங்க ஊர்ல ஒரு சண்டை சச்சரவு உண்டா? எல்லாரும் ஒத்துமையா இருக்கோம். அதுக்குத்தான் கூட்டம். நீ ஒரு எழுத்தும் மாத்த வேணாம், தொடக்கப்பள்ளின்னே இருக்கட்டும்னேன்.

"தப்பு சார் அது."

"பொருள் குத்தம் ஒண்ணும் இல்ல. அங்க பள்ளிக்கூடமும் தனித்தனியாத்தான் இருந்துச்சு. இருக்கட்டும்."

என் பேர்ல வர்ற புத்தகம். என் வார்த்தை. நான் எதுக்கு எறங்கி வரணும்? பதிப்பகத்துக்காரர் போன் பண்ணிக் கெஞ்சுனாரு. முடியாதுன்னுட்டேன். புத்தகம் அஞ்சு மாசமா அப்படியே கெடக்கு. கெடக்கட்டும்.

மறுபடி அடிக்கிறான் பாருங்க. இவன் ஒருத்தன்.

இந்த உடையப்பன் கதைக்குத்தான் வர்றேன். பஞ்சாயத்துத் தேர்தல் வந்துச்சுல்ல? எங்க ஊரு பிரசிடெண்ட் பதவியை இந்தத் தடவை பெண்களுக்கு ஒதுக்கிட்டாங்க. பொதுப் பெண்கள். எந்தப் பொம்பளையும் நிக்கலாம். மந்தையில கூட்டம் போட்டாங்க. நானும் போயிருந்தேன். நான் மதுரையில இருந்தாலும் என் ஓட்டு, காந்திமதி ஓட்டு எல்லாம் அங்கதான். கூட்டத்துல உடையப்பன் பொண்டாட்டி சௌந்தரவல்லி பேரைச் சொன்னாங்க. எல்லாரும் சரின்னாங்க. போட்டியே கிடையாது. தீர்மானத்தை நான்தான் எழுதுனேன். ஊர்ல நாலு எழுத்து தப்பில்லாம எழுதுறவன் நான் ஒருத்தன்தான? "ஊர் மக்கள் அனைவரும் ஒருமனதாக"ன்னு ஆரம்பிச்சு அழகா எழுதிக் கொடுத்தேன். கை தட்டுனாங்க.

சௌந்தரவல்லியா? அவ கூட்டத்துக்கு வரல. பொம்பளைங்க மந்தைக்கு வர்ற வழக்கம் இல்ல. அவளுக்கு வீட்டுல போய்ச் சொன்னோம். அடுப்படியிலருந்து, சரிங்க மாமான்னா. அவ்வளவுதான். காந்திமதிகிட்ட இதைச் சொன்னப்ப, பொம்பளை நிக்கிற தேர்தலுக்கு ஒரு பொம்பளையும் இல்லாமக் கூட்டமான்னு கேட்டா. எங்களையுந்தான் கூப்பிடலன்னா. அந்தப் புள்ளையோட சேந்து இவளும் இப்படிப் பேசுறா. இவ அந்தப் புள்ளையைப் பாத்ததுகூட இல்ல. நான் சொல்லிச் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

ரெண்டே நாள்தான். ஞானசுந்தரி போய் மனுத் தாக்கல் பண்ணிட்டா.

எங்க ஊர்ல தேர்தல்னு ஒண்ணு நடந்து இருவத்தஞ்சு வருஷம் ஆச்சு தம்பி. போட்டியே இல்லாம, அமைதியா, கௌரவமா முடிச்சுக்கிட்டிருந்தோம். இவ ஒரு கையெழுத்துல அதைக் கெடுத்துட்டா. ஊரே கொதிச்சுப் போச்சு. நாலு எளவட்டப் பயலுக அந்தத் தெருவுல போய்க் கேக்குறோம்னு கெளம்புனாங்க. நான்தான் தடுத்தேன். நான் தடுக்கலைன்னா என்ன ஆயிருக்கும்னு சொல்ல முடியாது. அடிதடி வேணாம், அவ என் புத்தகத்துல வேலை பாக்குறவ, நான் சொன்னாக் கேப்பான்னேன். கூட்டத்துல வாக்குக் கொடுத்துட்டேன். அறுபத்தாறு வயசுல ஊருக்கு முன்னாடி நான் கொடுத்த வாக்கு.

இன்னிக்கு மூணு மணியோட வாபஸ் வாங்குற நேரம் முடியுது. காலையில ஊருக்குப் போய் போன் போட்டு, எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போம்மான்னேன். இல்ல சார், நீங்க எங்க வீட்டுக்கு வாங்கன்னா. என்ன நெஞ்சழுத்தம் பாருங்க. ஆனா போனேன். போகாம என்ன பண்றது? மந்தையைத் தாண்டி அந்தத் தெருவுக்குள்ள நான் போறது இதுதான் முதல் தடவை. இருநூறு அடிதான் இருக்கும். வழி எனக்குத் தெரியல. ஒரு பொம்பளைகிட்டக் கேட்டுத்தான் போனேன்.

சாத்தையா வாசல்ல உக்காந்திருந்தான். என்னைப் பாத்ததும் எந்திரிச்சு, துண்டை இடுப்புக்கு எறக்கிட்டான். அவ உள்ளருந்து வந்து, "உக்காருங்கப்பா"ன்னா. அவன் உக்காரவும் முடியாம, நிக்கவும் முடியாமத் தவிச்சான். எனக்கே பாவமா இருந்துச்சு. "அப்பா, உக்காருங்க"ன்னு மறுபடி சொன்னா. சத்தம் போடல. உக்காந்துட்டான். எனக்கும் ஒரு நாற்காலி போட்டா. ரெண்டு பேரும் ஒரே மட்டத்துல உக்காந்திருந்தோம்.

டீ கொண்டுவந்தா. வேணாம்மா, எனக்கு சுகர்னேன். ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான். "சீனி போடல சார்"னா. அப்புறம் வயிறு சரியில்லன்னு சொன்னேன். ஆறிப்போச்சு டீ. இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா? நான் அப்படியெல்லாம் பாக்குறவன் இல்ல. நீங்க இன்னொரு மிட்டாய் எடுங்க.

நேரா விஷயத்துக்கு வந்தேன். "கூட்டம்ங்கறது தேர்தல் இல்லம்மா. கோயில் காரியம் பேசக் கூடுறது. எங்க ஆளுங்க எங்களுக்குள்ள பேசி ஒரு முடிவுக்கு வர்றோம். அது எங்க சொந்த விஷயம். இதுல நீ வருத்தப்பட என்ன இருக்கு?"

"நூத்திப் பதினாலாம் பக்கம் சார்"னா.

மெய்ப்பு என் பையிலதான் இருந்துச்சு. எடுத்துப் பிரிச்சேன். என் தமிழ்தான். "கட்சி என்பது தனியார் சங்கம், அதில் யாரைச் சேர்ப்பது என்பது தங்கள் சொந்த விவகாரம் என்று அவர்கள் நீதிமன்றத்தில் வாதிட்டார்கள்." நல்ல வாக்கியம் தம்பி. ஒரு பிழை கிடையாது. அவளும் அதைத்தான் சொன்னா. "இந்தப் பக்கத்துல நான் ஒண்ணுமே திருத்தல சார்."

அந்த நேரத்துல எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. பொய் சொல்லல, உங்ககிட்ட எதுக்குப் பொய்? எந்திரிச்சு வந்துரலாமான்னு இருந்துச்சு. ஆனா நான் வாக்குக் கொடுத்தவன். வாபஸ் படிவத்தை எடுத்து அவ முன்னாடி வச்சேன். கையெழுத்து மட்டும் போட்டாப் போதும், மத்ததெல்லாம் நானே எழுதியிருந்தேன். பக்கத்துல நூத்திப் பன்னெண்டாம் பக்கத்தை வச்சேன்.

"ஞானசுந்தரி, நான் எறங்கி வர்றேன். நீ சொன்ன வார்த்தையே போட்டுக்க. ஊர்க்கூட்டம்னே போடு. முன்னுரையில உன் பேரையும் போடுறேன், தனியா ஒரு பத்தி எழுதுறேன். புத்தகம் காலத்துக்கும் நிக்கும். இந்தப் பிரசிடெண்ட் பதவி அஞ்சு வருஷம். எது பெருசுன்னு நீயே பாத்துக்க."

எவ்வளவு பெரிய மனசு வேணும் தம்பி, அப்படிச் சொல்றதுக்கு? அஞ்சு மாசமா ஒருத்தருக்கும் அசையாதவன் நான்.

அவ படிவத்தைத் தொடவே இல்ல. மெய்ப்பை எடுத்தா. சிவப்புப் பேனாவை எடுத்தா. அஞ்சு மாசத்துக்கு முன்னாடி "ஊர்க்கூட்டம்?"னு ஓரத்துல எழுதி வச்சிருந்தா, அதை அவளே அடிச்சா. தொடக்கப்பள்ளிக்குக் கீழ புள்ளி புள்ளியா வச்சு, பக்கத்துல எழுதுனா. அடிச்ச வார்த்தையைப் பழையபடி கொண்டுவரப் பிழை திருத்துறவங்க போடுற குறி அது. அப்புறம் என்கிட்ட நீட்டுனா.

"வார்த்தையை மாத்த வேணாம் சார். தொடக்கப்பள்ளின்னே இருக்கட்டும். மந்தையிலதான் எங்களுக்கு இடம் கிடையாது. ஓட்டுப்பெட்டியை நம்ம ஊருத் தொடக்கப்பள்ளியிலதான வப்பாங்க? அங்க பாத்துக்குவோம்."

சொல்லிட்டுச் சிரிச்சா. சாத்தையாவும் சிரிச்சான் தம்பி. எனக்கு முன்னாடி அவன் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. பல்லு இத்தனை இருக்கான்னு தோணுச்சு.

வெளிய வந்தேன். மணி பன்னெண்டரை. மந்தையில உடையப்பனும் நாலு பேரும் நின்னுக்கிட்டிருந்தாங்க. நான் ஓடைப் பக்கமாச் சுத்தி மெயின் ரோட்டுக்கு வந்துட்டேன். சொன்னேன்ல, பயம் இல்ல. வெயில்ல நின்னு பேச முடியாது, அதுதான். மானாமதுரைக்கு வந்து, பஸ் ஸ்டாண்டுலயே மூணு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன். அவ வாபஸ் வாங்கல. ஒன்றிய ஆபீஸ்ல தெரிஞ்ச கிளார்க் ஒருத்தரு போன்ல சொன்னாரு.

ஓட்டா? எங்க பக்கம் முந்நூத்திச் சொச்சம். அவங்க பக்கம் இருநூத்திச் சொச்சம். எப்படிப் பாத்தாலும் சௌந்தரவல்லிதான் ஜெயிப்பா. எங்க பக்கத்துலயும் பாதி பொம்பளைங்கதான? அதனால என்ன? வீட்டுல சொல்றபடிதான போடுவாங்க? காந்திமதிகிட்ட இப்ப பஸ் ஸ்டாண்டுலருந்து பேசுனேன். நீ யாருக்குப் போடுவன்னு சும்மா கேட்டேன். "பெட்டிக்குள்ள போட்டப்புறம் யாருக்குத் தெரியும்?"னு சொல்லிட்டு வச்சுட்டா. வேடிக்கையாப் பேசுறதுல அவ கெட்டிக்காரி.

தெப்பக்குளம் வந்துருச்சா? நீங்க இங்க எறங்கணுமா? இருங்க, ஒரு நிமிஷம். இதை மட்டும் பாத்துட்டுப் போங்க. உடையப்பன் திட்டட்டும், ஊரு என்ன வேணாலும் பேசட்டும். நான் ஒண்ணும் தோத்துட்டு வரல. அஞ்சு மாசம் தப்பு தப்புன்னு சொன்னவ, கடைசியில என் வார்த்தைக்குத்தான் வந்தா. ஓரத்துல, அவ கையெழுத்து, சிவப்பு மை. படிங்க தம்பி, சத்தமாப் படிங்க. "தொடக்கப்பள்ளி: இருக்கட்டும்."